ரெண்டு முடி தடிமன்தான்... ஆனா கல்லையே உடைக்கும்! கிட்னி ஸ்டோன் லேசர் ஃபைபரைப் பாதுகாப்பது எப்படி?

வீட்டுக்கு ஃபைபர் நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர், கிளம்பும்போது மறக்காமல் ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிருப்பார். `இந்த வயரை மட்டும் மடக்கிடாதீங்க, உள்ள இருக்கறது கண்ணாடி!'

நாமும் பெரிதாகத் தலையாட்டுவோம். அடுத்த வாரமே அந்த வயரை டி.வி ஸ்டாண்டுக்குப் பின்னால் சுருட்டித் திணிப்போம். நெட் ஸ்லோ ஆனதும் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு சண்டையும் போடுவோம்.

இப்போ ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அதே மாதிரி ஒரு கண்ணாடி இழை, சிறுநீர் போகும் பாதை வழியாக உங்கள் கிட்னிக்குள் போகிறது. அதில் ஓடுவது ரீல்ஸும் வெப் சீரிஸும் இல்லை, கல்லை உடைக்கிற லேசர். அந்த இழை தப்பான இடத்தில் மடங்கினால் நெட் கட் ஆவதோடு விஷயம் முடியாது. வெளிச்சம் பாதி வழியிலேயே வெளியே பாய்ந்துவிடும். அங்கே இருப்பது பல லட்ச ரூபாய் மதிப்புள்ள கருவியாக இருக்கலாம். உங்கள் உடம்பாகவும் இருக்கலாம்.

கோடைக்காலம், தண்ணீர் குடிக்க மறக்கும் ஐ.டி ஷிஃப்ட், நாள் முழுக்க பைக்கில் சுற்றும் டெலிவரி வேலை... கிட்னி ஸ்டோன் என்பது `அப்பா வயசு' பிரச்னை என்ற காலம் போய்விட்டது. உங்கள் நண்பர்கள் வட்டத்திலேயே யாராவது ஒருவர் `லேசர் வெச்சு கல்லை உடைச்சாங்க மச்சி' என்று சொல்லியிருப்பார். அந்த லேசரைக் கல் வரைக்கும் கூட்டிப்போன இழையின் கதைதான் இது.

தண்ணிக்குள்ள தெரிஞ்ச கண்ணாடி

கிணற்றிலோ, நீச்சல் குளத்திலோ முங்கியபடி மேலே பார்த்திருக்கிறீர்களா? நேராகப் பார்த்தால் வானம் தெரியும். கொஞ்சம் சாய்வாகப் பார்த்தால் தண்ணீரின் மேற்பரப்பே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மினுங்கும். தண்ணீருக்குள் இருந்து சாய்வாக வருகிற வெளிச்சம், காற்றுக்குள் தப்பிக்க முடியாமல் திரும்ப உள்ளேயே எதிரொலிப்பதுதான் காரணம். இதற்குப் பெயர் முழு அக எதிரொளிப்பு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு பாடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்த அதே விஷயம்தான்.

ஆப்டிகல் ஃபைபர் முழுக்க இந்த ஒரே தந்திரத்தில்தான் வேலை செய்கிறது. நடுவில் தூய சிலிகா கண்ணாடி, இதுதான் `கோர்'. அதைச் சுற்றி இன்னொரு கண்ணாடி அடுக்கு; இது `கிளாடிங்'. வெளி அடுக்கில் கொஞ்சம் ஃபுளோரின் சேர்த்திருப்பார்கள். அதனால் அதன் ஒளிவிலகல் எண் சற்றே குறையும். உள்ளே நுழைந்த வெளிச்சம் சாய்வாக வந்து மோதும்போதெல்லாம், `வெளியே வழியில்லை' என்று திருப்பி அனுப்பப்படும். இப்படிப் பலமுறை மோதி மோதி மறுமுனைக்குப் போய்ச் சேரும்.

இந்தக் கதையில் நம்ம ஊர் ஆள் ஒருத்தரும் இருக்கிறார். பஞ்சாப் மாநிலம் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டி, 1954-ல் `நேச்சர்' இதழில் கட்டுரை எழுதினார். `ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்ற பெயரைப் பிரபலமாக்கியவரும் அவர்தான். 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை உருவாக்கினார். இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் ஆபரேஷன் தியேட்டரில் கைகோத்ததன் பலன்தான், வயிற்றைக் கிழிக்காமல் கிட்னி கல்லை உடைக்கும் இன்றைய சிகிச்சை.

20 வாட்... கேட்டா சிரிப்பு வரும், கணக்கு போட்டா வியர்க்கும்!

கிட்னி ஸ்டோனுக்கு அதிகம் பயன்படுவது ஹோல்மியம் லேசர். 1990-களில் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதன் அலைநீளம் சுமார் 2,100 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. இதைத் தண்ணீர் மிக வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஃபைபர் நுனியைத் தாண்டி அரை மில்லிமீட்டருக்குள் அதன் வீரியம் பெருமளவு அடங்கிவிடும். கல்லைத் தொட்டு அடித்தால் கல் உடையும். சற்றுத் தள்ளியிருக்கும் கிட்னிச் சுவர் தப்பிக்கும். ப்ளஸ் பாயின்ட் இதுதான்.

சரி, எவ்வளவு பவர்? உதாரணத்துக்கு, ஒரு துடிப்புக்கு 1 ஜூல் வீதம், நொடிக்கு 20 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 வாட். வீட்டில் எரிகிற எல்.இ.டி டியூப் லைட்டும் 20 வாட்தான். `இவ்ளோதானா?' என்று தோன்றும்.

ஆனால், அந்த 20 வாட் போவது 200 மைக்ரான் விட்டமுள்ள கோர் வழியாக. அதாவது 0.2 மில்லிமீட்டர், ரெண்டு மூணு தலைமுடியைச் சேர்த்து வைத்த தடிமன். அந்த வட்டத்தின் பரப்பளவு 0.03 சதுர மில்லிமீட்டர் சொச்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 600 வாட்டுக்கு மேல் வருகிறது. உச்சி வெயில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குத் தருவது வெறும் 0.001 வாட். அதாவது, சித்திரை மாத மதிய வெயிலைவிட 6 லட்சம் மடங்குக்கும் மேல்!

உங்கள் வீட்டு நெட் ஃபைபரில் ஓடுவது சில மில்லிவாட்தான். அதனால் அது மடங்கினால் எரிச்சல் நமக்கு மட்டும்தான். இங்கே மடங்கினால் நிஜமாகவே எரியும்.

எதிரி நம்பர் 1: வளைவு

கிட்னிக்குள் போகிற ஸ்கோப், நுனியில் கேமராவுடன் வளைந்து நெளியும் ஒரு மெல்லிய குழாய். அதற்குள் இருக்கும் நுண்ணிய பாதை வழியாகத்தான் ஃபைபரை நுழைப்பார்கள். கல், கிட்னியின் கீழ்ப்பகுதி மூலையில் உட்கார்ந்திருந்தால் ஸ்கோப் கிட்டத்தட்ட `யு டர்ன்' போட்டுத்தான் அதைப் பார்க்க முடியும். உள்ளே இருக்கும் கண்ணாடியும் கூடவே வளைய வேண்டும்.

வளைவு அதிகமாகும்போது, வெளிச்சம் கிளாடிங்கில் மோதும் கோணம் மாறிவிடும். `வழியில்லை' என்று திருப்பி அனுப்பிய சுவர், `சரி, போ' என்று விட்டுவிடும். வெளிச்சம் கசிந்து வெளிப்பூச்சைச் சூடாக்கும், இழை அந்த இடத்திலேயே பட்டென்று முறியும். லேசர் ஸ்கோப்பின் உட்சுவரைப் பொத்துவிடும். ஒரு நொடி போதும், பல லட்ச ரூபாய் ஸ்கோப் காலி. பாதி ஆபரேஷனில் ஸ்கோப் போனால் வேறு ஸ்கோப் வரும்வரை நோயாளி மயக்கத்தில் காத்திருக்க வேண்டும்.

இதற்கு டாக்டர்கள் கடைப்பிடிக்கும் சில எளிய விதிகள் இருக்கின்றன.

* ஸ்கோப் நேராக இருக்கும்போதே ஃபைபரை உள்ளே நுழைக்க வேண்டும். வளைத்த பிறகு தள்ளினால், கூர்மையான கண்ணாடி நுனி உட்சுவரைக் கீறிவிடும். இதற்காகவே நுனியை உருண்டையாக்கிய ஃபைபர்களும் உண்டு.

* ஃபைபரின் நுனி ஸ்க்ரீனில் தெளிவாகத் தெரியாதவரை பெடலை மிதிக்கக் கூடாது. நுனி ஸ்கோப்புக்குள்ளேயே இருக்கும்போது சுட்டால், சுடுவது நம்ம கேமராவைத்தான்.

* கீழ் மூலையில் இருக்கும் கல்லை, முடிந்தால் குட்டிக் கம்பிக் கூடையால் பிடித்து வசதியான மேல்பகுதிக்கு மாற்றிவிட்டு, அப்புறம் உடைப்பார்கள். மனையையே மாற்றிவிட்டால் வளைய வேண்டிய அவசியமே இல்லையே!

* வளைய வேண்டிய இடத்துக்கு மெல்லிய ஃபைபர். புராஸ்டேட் சிகிச்சை மாதிரி நேரான ஸ்கோப் போதும் என்கிற இடத்துக்கு 550 மைக்ரான் போன்ற தடிமனான ஃபைபர்.

சமீப ஆண்டுகளில் வந்திருக்கும் தூலியம் ஃபைபர் லேசர், 150 மைக்ரானும் அதற்குக் குறைவான தடிமனும் கொண்ட இழையிலேயே வேலை செய்யும். இழை மெல்லியதானால் ஸ்கோப் நன்றாக வளையும்; சுற்றிலும் தண்ணீர் ஓடவும் இடம் கிடைக்கும்.

எதிரி நம்பர் 2: ஒரே ஒரு கைரேகை

ஆபத்து நோயாளியின் பக்கம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஃபைபரின் இன்னொரு முனை, மெஷினில் சொருகும் கனெக்டர். மெஷினுக்குள் இருக்கும் லென்ஸ், மொத்த லேசரையும் அந்த முனையில் இருக்கும் புள்ளியளவு கோருக்குள் குறிபார்த்து அனுப்புகிறது.

அந்த முகப்பில் ஒரு தூசி, ஒரு விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால்? கண்ணாடி லேசரை விட்டுவிடும், அழுக்கு விடாது. உறிஞ்சி, சூடேறி, கரியாகி, கண்ணாடி முகப்பையே பொசுக்கிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பொசுங்கும்போது தெறிக்கும் துகள்கள் மெஷின் உள்ளே போகாமல் தடுக்க, லென்ஸுக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி இருக்கும். `பிளாஸ்ட் ஷீல்டு' என்பார்கள். நம்ம போன் ஸ்க்ரீன் கார்டு மாதிரி, அடி வாங்குவதற்கென்றே இருப்பது. அதில் கறை படிந்ததைப் பார்க்காமல் புது ஃபைபரைச் சொருகினால், லேசர் சிதறி அந்தப் புது ஃபைபரும் பொசுங்கும். `ஃபைபர் சரியில்லை' என்று ஒன்றன் பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பிரச்னை ஷீல்டில் இருக்கும்!

அதனால்தான் கனெக்டருக்கு மூடி கொடுக்கிறார்கள். சொருகும் கடைசி நொடியில்தான் மூடியைக் கழற்ற வேண்டும். முகப்பை விரலால் தொடவே கூடாது. ஃபைபரை எடுத்ததும் மெஷினின் வாயையும் மூட வேண்டும். சொல்லப்போனால் காசே செலவாகாத பாதுகாப்பு இது.

எதிரி நம்பர் 3: கல்லே திருப்பி அடிக்கும்

லேசர் கல்லை உடைக்கும்போது, கல் சும்மா இருக்காது. தெறிக்கும் துகள், சூடு, நீராவிக் குமிழி வெடிக்கும் அதிர்ச்சி எல்லாம் ஃபைபர் நுனியில்தான் விழும். பென்சில் எழுத எழுதத் தேய்வதுபோல நுனியும் தேயும்.

இதில் என்ன ஆபத்து? நுனி தேயத் தேய, லேசர் வெளியாகும் இடம் மெதுவாக கேமராவை நோக்கிப் பின்வாங்குகிறது. டாக்டர் கவனிக்காமல் விட்டால், ஒரு கட்டத்தில் ஸ்கோப்பின் நுனியே அடிவாங்கும். அதனால் அவ்வப்போது ஃபைபரை லேசாக முன்னால் தள்ளிக்கொண்டே வேலை செய்வார்கள். கூடவே ஸ்கோப் வழியாக உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். நுனியைக் குளிர்விப்பது, துகளை அடித்துச் செல்வது, கிட்னிக்குள் இருக்கும் தண்ணீர் சூடாகாமல் பார்த்துக்கொள்வது என அதற்கு மூன்று வேலை.

நுனி ரொம்பத் தேய்ந்துவிட்டால் நறுக்கிவிட்டுத் தொடரலாம். ஆனால், கையில் கிடைத்த கத்தரியால் சதக்கென்று வெட்டினால் கண்ணாடி நொறுங்கி வெடிப்பு விழும். தயாரிப்பாளர் சொல்லும் கருவியால், சொல்லும் முறையில்தான் வெட்ட வேண்டும்.

எதிரி நம்பர் 4: நம்ம கைதான்!

நல்ல கண்ணாடி இழை இழுவைக்கு நன்றாகவே தாங்கும். அதன் பலவீனம், மேற்பரப்பில் விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்தான். அந்தக் கீறலுக்குள் ஈரம் புகுந்தால், வளைந்து கிடக்கும் கண்ணாடியில் கீறல் மெள்ள மெள்ள ஆழமாகும். இன்றைக்கு நன்றாக இருந்த ஃபைபர், அடுத்த வாரம் காரணமே இல்லாமல் முறிவதுபோலத் தோன்றுவது இதனால்தான். கிளாடிங்குக்கு மேலே பிளாஸ்டிக் பூச்சு, அதற்கும் மேலே உறை என்று போர்த்தி வைத்திருப்பது அழகுக்கு இல்லை. கீறலும் ஈரமும் கண்ணாடியைத் தொடக் கூடாது என்பதற்காக.

ஆகவே தியேட்டரில் செய்யக் கூடாதவை: ஃபைபர் நழுவாமல் இருக்க இரும்புக் கிளிப்பால் துணியோடு சேர்த்து இறுக்குவது, தரையில் தொங்கவிட்டு டிராலி சக்கரத்தை ஏற்றுவது, சின்ன வட்டமாகச் சுருட்டி வைப்பது. எந்த அளவுக்கு வளைக்கலாம் என்ற கணக்கு ஃபைபரோடு வரும் கையேட்டிலேயே இருக்கும்.

லேசர் சுடாத நேரத்தில் மெஷின் `ஸ்டாண்ட்பை'யில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கட்டாய விதி. ஃபைபரைத் துணி மேல் வைத்துவிட்டு, யாரோ தெரியாமல் பெடலை மிதித்தால் துணி தீப்பிடிக்கும்.

சிவப்புப் புள்ளி சொல்லும் ரகசியம்

இதையெல்லாம் மீறி ஃபைபர் உள்ளே உடைந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஹோல்மியம் லேசர்தான் கண்ணுக்கே தெரியாதே!

அதற்காகவே மெஷின் கூடவே ஒரு பலவீனமான சிவப்பு அல்லது பச்சை வெளிச்சத்தை அனுப்புகிறது. வழிகாட்டி வெளிச்சம். சுடுவதற்கு முன் நுனியை ஒரு வெள்ளைப் பரப்பின் பக்கம் காட்டுவார்கள். புள்ளி வட்டமாக, பளிச்சென்று, ஓரம் சிதையாமல் இருந்தால் ஃபைபர் நலம். மங்கலாகவோ, பிறை மாதிரியோ, சிதறியோ தெரிந்தால் நுனியில் கோளாறு. புள்ளியே வராமல் நடு வயரில் எங்கோ ஒரு இடம் மட்டும் பளபளவென மின்னினால், உடைந்த இடம் அதுதான். எடுத்துப் போட்டுவிட்டு வேறு ஃபைபர்! சில விநாடிகளில் முடியும் இந்த டெஸ்ட், லட்ச ரூபாயையும் ஒரு உயிரின் நிம்மதியையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

வேலை முடிந்து வெளியே எடுத்த பிறகும், ஃபைபர் முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். ஒரு துண்டு குறைந்தால் அது எங்கே போனது என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்தாக வேண்டும்.

கண்ணாடி அணியும் விதியும் இதோடு சேர்ந்ததுதான். உடைந்த ஃபைபரில் இருந்து லேசர் எந்தப் பக்கமும் பாயலாம். ஹோல்மியம் லேசர் கண்ணின் முன்பகுதியான கருவிழியைத் தாக்கும். வேறு சில சிகிச்சைகளில் பயன்படும் 980, 1,064 நானோமீட்டர் லேசர்கள் நேராக விழித்திரைக்கே போகும். எனவே, ஒரு லேசருக்கான கண்ணாடி இன்னொன்றுக்கு உதவாது. அலைநீளத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் கண்ணுக்கும் பாதுகாப்பு உண்டு.

சரி, நாம என்ன கேட்கலாம்?

ஃபைபரில் இரண்டு வகை உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டியது ஒன்று. தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கைக்குள், சொன்ன முறையில் கிருமிநீக்கம் செய்து மறுபடி பயன்படுத்தக்கூடியது இன்னொன்று. `மறுபயன்பாடு' என்று கேட்டதும் பதற வேண்டாம். அதற்கென்றே தயாரித்த ஃபைபரை, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பயன்படுத்துவது சரியான நடைமுறைதான். செலவும் குறையும். `ஒருமுறை மட்டும்' என்று அச்சிட்டிருப்பதை மறுபடி பயன்படுத்துவதுதான் தப்பு.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இந்தச் சிகிச்சை என்றால், ஆபரேஷனுக்கு முன் தயங்காமல் இதைக் கேட்கலாம்:

* எனக்குப் பயன்படுத்தப்போவது ஒருமுறை ஃபைபரா, மறுபயன்பாட்டு ஃபைபரா?

* பில்லில் ஃபைபருக்கான தொகை தனியா, பேக்கேஜிலேயே அடக்கமா?

* நடுவில் ஃபைபரோ ஸ்கோப்போ பழுதானால் மாற்று தயாராக இருக்கிறதா?

இது டாக்டரைச் சந்தேகப்படுவது இல்லை. முறையாக வேலை செய்யும் டீம் எதுவும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது.

இன்னொரு விஷயம், எல்லாக் கல்லுக்கும் லேசர் தேவையில்லை. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பலருக்குத் தானாகவே வெளியேறிவிடும். எதற்கு எது என்பதை ஸ்கேனைப் பார்த்து சிறுநீரக அறுவை நிபுணர்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை கல் வந்தவர்கள், தினமும் சுமார் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பது மறுபடி கல் வராமல் தடுக்க உதவும். இதயம், கிட்னி பிரச்னை இருப்பவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியா ஒண்ணு. டி.வி ஸ்டாண்டுக்குப் பின்னால் திணித்த அந்த நெட் வயரை இன்றைக்கே எடுத்து, பெரிய வட்டமாகச் சுற்றி மாட்டிவிடுங்கள். அது எங்கேயாவது உடைந்திருந்தால், `வெளிச்சம் வருதா' என்று நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் ஓடும் வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாத வகைதான்.

அப்படியே ஒரு டம்ளர் தண்ணியும் குடிச்சிருங்க!